மிஷன் பள்ளிகளையும் சீடத்துவத்தையும் ஆராயப் புறப்படுகிறவர்களுக்கு, குன்னூரிலிருந்து

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம், பள்ளி திறந்து மழையும் பிடித்துக்கொண்ட பிறகு, யாராவது இரண்டு பேர் குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மிஷன் பள்ளி ஆசிரியர், ஒரு சிஸ்டர், சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பகுதி) ஊழியம் செய்கிற ஒரு தம்பி, இப்படி யாராவது. எம்.டிஎச். (இறையியல் முதுகலை) அல்லது பிஎச்.டி. பதிவு செய்யப் போகிறார்கள், தலைப்பையும் கையோடு எழுதிக் கொண்டுவந்திருப்பார்கள். முக்கால்வாசி நேரம் அது "இன்றைய இளைஞர்களிடையே கிறிஸ்தவ சீடத்துவத்தின் முக்கியத்துவம்" என்கிற மாதிரிதான் இருக்கும். (சீடத்துவம் என்றால் இயேசுவிடம் கற்றுக்கொண்டு அவரைப் பின்பற்றி வாழ்வது.) டீயைக் கையில் கொடுத்துவிட்டு நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "தேடிப் பார்த்த பிறகு, அது முக்கியம் இல்லை என்று உங்களுக்குத் தெரியவருவதற்கு வாய்ப்பு உண்டா?" வாய்ப்பே இல்லை என்றால் அது பிரசங்கத்துக்கான தலைப்பு. ஆய்வுக்கு உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும்.

நான் ஓர் உதவிபெறும் பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தியவன், அந்த வேலையில் இருந்துகொண்டே ஆய்வேடு முடித்தவன், அப்புறம் கல்லூரிக்குப் போய் நெறியாளராகச் சிலரோடு உட்கார்ந்தவன். வருகிறவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வியைச் சின்னதாக்குவது

ஓர் ஊர், ஒரு காலம், ஒரு கூட்டம் மனிதர்கள், அவர்கள் செய்த ஒரு காரியம். இந்த நான்கும் தலைப்புக்குள் வந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின, அவர்களுக்காகத்தான் அரசு டான்டீ தோட்டங்களே வந்தன. அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து மிஷன் பள்ளிக்கு நடந்து வந்த பிள்ளைகள் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். "1970களில் ஒரு தோட்டத்து ஆரம்பப் பள்ளியில் காலை ஜெபத்தை யார் நடத்தினார்கள், என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அன்று அங்கே படித்தவர்களிடம் இன்று அதில் எது மிச்சமிருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்கு யாரிடமும் தயாராக விடை கிடையாது. நடந்து போய், கதவைத் தட்டி, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மலைப் பள்ளி" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். மலையில் கிறிஸ்தவப் பள்ளி என்பதற்கு இரண்டு தனிக் கதைகள் உண்டு. கொடைக்கானலில் 1845இல் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள், சமவெளியின் காய்ச்சலிலிருந்து பிழைக்க வந்தவர்கள்; அங்கே 1901இல் தொடங்கிய பள்ளி அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளுக்கானது, இன்றைக்கு அதைக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்கிறோம். நீலகிரியில் கேத்தியில் 1846இல் வந்திறங்கிய, சுவிட்சர்லாந்தின் பேசல் மிஷன் கதை வேறு. அவர்கள் மலைவாழ் படகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள், கன்னடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று மிஷனரியின் பிள்ளைக்கு, மற்றொன்று மலைக்காரர் பிள்ளைக்கு. இந்த இரண்டில் சீடத்துவம் என்ற ஒரே சொல் ஒரே பொருளில் நடந்திருக்க முடியாது. எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தச் சொல்லால் கேட்பது

என் ஆய்வில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீணாய்ப் போனது ஒரே ஒரு சொல்லால். ஆசிரியர்களிடம் "உங்கள் பள்ளியில் சீடத்துவப் பயிற்சி எப்படி நடக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில்கள் மளமளவென்று வந்தன: முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், மணி அடித்தால் வராந்தாவில் சத்தம் இருக்கக் கூடாது, சனிக்கிழமைகூடப் பிள்ளைகள் வரிசையில்தான் போவார்கள். பதினோராவது நேர்காணலை எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் சீடத்துவம் என்கிறேன், அவர்கள் காதில் டிசிப்ளின் என்று விழுகிறது. அவர்கள்மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் புழங்குகிற சொல் டிசிப்ளின்தான், சீடத்துவம் ஞாயிற்றுக்கிழமைச் சொல்.

இதில் இன்னும் ஆழமாகவும் போகலாம். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் வளர்ந்தவர்களுக்கு அது "சீஷன்". திருவிவிலியம் வாசிக்கிறவர்களுக்குச் "சீடர்". சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டிலும் கத்தோலிக்க வீட்டிலும் நேர்காணல் எடுக்கும்போது இந்த ஓர் எழுத்து வித்தியாசமே நீங்கள் எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அவர்கள் சொல்கிற சொல்லையே நீங்களும் சொல்லுங்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் வடமொழி சிஷ்ய. அது குருவின் காலடியில் உட்காருகிறவரை நம் கண்முன் கொண்டுவருகிறது, ஆதீனத்திலும் மடத்திலும் அதே சொல்தான் புழங்குகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் மத்தேதேஸ் என்றால் கற்றுக்கொள்கிறவர். அந்தச் சொல் நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் மட்டுமே வருகிறது, கடிதங்களாக இருக்கிற நிருபங்களில் ஓர் இடத்திலும் இல்லை. கற்றுக்கொள்கிறவர் என்பதற்கும் கீழ்ப்படிகிறவர் என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம், நம் பள்ளிகளைப் பற்றிய ஆய்வில் ஒரு முழு அத்தியாயத்துக்குத் தகுதியானது. யாராவது எழுதுங்கள், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

அதற்கு அப்புறம் நான் சீடத்துவம் என்ற சொல்லையே கேள்வியிலிருந்து எடுத்துவிட்டேன். "உங்களை மாதிரி ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையாவது உங்களிடம் சொன்னதுண்டா? அந்தப் பிள்ளை உங்களிடம் எதைப் பார்த்திருக்கும்?" என்று கேட்டேன். அங்கிருந்து பேச்சு மாறியது.

கைடு

நெறியாளர் என்பது ஆய்வேட்டு முகப்பில் அச்சாகிற சொல், எல்லாரும் வாயால் சொல்வது கைடு. தலைப்பைவிட கைடைத் தேர்ந்தெடுப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள். இறையியல் கல்லூரி வழியாகப் போனால் பெரும்பாலும், இறையியல் பட்டங்கள் வழங்குகிற செராம்பூர் செனட்டின் பட்டம். 1818இல் தொடங்கி 1827இல் டென்மார்க் அரசரிடம் சாசனம் வாங்கிய கல்லூரியின் மரபு அது. அங்கே "திருச்சபை என்ன செய்ய வேண்டும்" என்று ஓர் அத்தியாயம் எழுதினால் வரவேற்பார்கள். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை வழியாகப் போனால் அதே அத்தியாயத்தைத் தேர்வாளர் வெட்டிவிடுவார், எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், வினாப்பட்டியலை முன்கூட்டியே சோதித்தீர்களா என்று கேட்பார். வரலாற்றுத் துறை என்றால் மூல ஆவணம் எங்கே என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகளுக்கென்றே துறை உண்டு, பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடைக்கானலிலேயே 1984இல் வந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, நீலகிரிக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. ஒரே கேள்வியை ஒவ்வொரு வாசலிலும் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகம் என்றால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிகளை நீங்களே ஒரு தடவை படித்துவிடுங்கள், ஆபீஸில் சொன்னார்கள் என்று விட்டுவிடாதீர்கள். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் நாற்பது சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு வருஷச் சலுகை உண்டு. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு, அதற்கு மேல் எடுக்க முடியாது. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரைச் சேர்க்க முடியாது, இதைத் தெரியாமல் ஒருவரையே நம்பிக் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. எம்.ஃபில். அந்த விதிகளோடு முடிந்துவிட்டது.

அப்புறம், நீங்கள் நினைத்திருக்கிற கைடு வழிநடத்தி முடித்த ஆய்வேடு ஒன்றையாவது, ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கிற ஷோத்கங்கா தளத்தில் இறக்கிப் படியுங்கள். முன்னுரையில் நன்றி சொல்லியிருப்பதை விட்டுவிட்டு, மூன்றாவது அத்தியாயத்தைப் படியுங்கள். அங்கே யோசனை இருக்கிறதா, வெறும் மேற்கோள் அடுக்கா என்று தெரிந்துவிடும். முடிந்தால் அவரிடம் படித்த ஒருவரிடம் போனில் பேசுங்கள், "ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்?" என்ற ஒரே கேள்வி போதும்.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, இதை விரிவாகவே சொல்ல வேண்டும். கிறிஸ்தவ நிறுவனங்களில் கைடு வெறும் கைடாக இருப்பது குறைவு. அவர் ஆயராக இருப்பார், அல்லது குருவானவராக, அல்லது நீங்கள் வேலை பார்க்கிற பள்ளிக்கே தாளாளராக, சில நேரம் உங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தவராகக்கூட இருப்பார். அவர் திருத்தியதைத் தப்பு என்று சொல்வது பெரியவரை எதிர்த்துப் பேசுவதாகவும், அதையும் தாண்டி விசுவாசக் குறைவாகவும் நமக்குத் தோன்றும். சீடத்துவத்தைப் பற்றி ஆராய்கிற பிள்ளை, கைடுக்குச் சீடனாகவே மாறிவிடுகிறது. என் மூன்றாவது அத்தியாயம் என் கைடின் பீரோவில் ஏழு மாதம் இருந்தது. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து நான் கேட்கவே இல்லை, ஜெபித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவரே கேட்டார்: "என்ன தம்பி, இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறீரா?" கொடுத்ததையே அவர் மறந்திருந்தார். ஏழு மாதம் போனதில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

அதனால் இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு பழக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். சந்தித்துப் பேசிய அன்றைக்கு ராத்திரியே, தூங்குவதற்கு முன், ஒரு மெயில் எழுதிவிட வேண்டும்: "ஐயா, இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: பேசல் மிஷன் வரலாற்றைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்குவது, வினாக்களில் 4, 7 இரண்டையும் மாற்றுவது, இரண்டாம் அத்தியாயத்தை 14ஆம் தேதி கொடுப்பது, 28ஆம் தேதி திருத்தத்தோடு சந்திப்பது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்." இவ்வளவுதான். மரியாதைக்கு மரியாதையும் இருக்கிறது, யாரும் எதையும் மறக்கவும் முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அதைச் சடங்காக முடித்துவிடாமல் தேங்கி நிற்கிற விஷயத்தை அங்கே பணிவாகச் சொல்லுங்கள். குழு அதற்காகத்தான் இருக்கிறது. ஜனவரி உறைபனியில் கரி அடுப்பைச் சுற்றி உட்கார்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், ரொம்பக் கிட்டே போனால் சுடும், தள்ளிப் போனால் குளிரும். அகலாமல் அணுகாமல் தீக்காய்கிறவர் மாதிரி என்று பெரியவர்கள் சொன்னது கைடு விஷயத்துக்கு அப்படியே பொருந்தும்.

உங்கள் தாளாளரே உங்கள் கைடு என்றால், அந்தப் பள்ளியை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நீங்கள் என்ன எழுதினாலும் நம்பகம் போய்விடும்.

இதைப் படிக்கிற கைடுகளுக்கும் ஒரு வார்த்தை. சேகர விழாவுக்கு நாற்காலி போடவும், உங்கள் கட்டுரையைத் தட்டச்சு செய்யவும் ஸ்காலரைக் கூப்பிடாதீர்கள். அவர்களுடைய வாக்கியங்களைத் திருத்துவதற்கு முன்னால் அவர்களுடைய கேள்வியைத் திருத்துங்கள். மறுத்துப் பேசினால் காது கொடுங்கள், அந்தக் களத்தில் நின்றவர் அவர்.

பள்ளிக்குள் போவது

தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள், தலைமையாசிரியர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும், அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். "வேண்டாம் சார்" என்று பிள்ளை சொன்னால் அத்தோடு எழுந்துவிடுங்கள்.

அரசியலமைப்பின் 28(3) பிரிவைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இருக்க வேண்டும் என்கிறது அது. 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்துகிற உரிமையைத் தருகிறது. நம் பள்ளிகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு அல்லது மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே மணி நேரத்தில் நன்னெறி வகுப்பு என்று பிரிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த நாற்பது நிமிஷத்தில் பக்கத்து அறையில் என்ன நடக்கிறது? நன்னெறி வகுப்பு எடுக்கிறவர் யார், புத்தகம் எது, அந்தப் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? சீடத்துவம் பற்றிய ஆய்வுகள் வேதாகம வகுப்பின் கதவோடு நின்றுவிடுகின்றன, நீங்கள் அந்தப் பக்கத்து அறைக்கும் போங்கள். பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்த இந்துத் தாயிடமும் முஸ்லிம் தகப்பனிடமும் பேசுங்கள். பள்ளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றாகவும், அவர்கள் அங்கே கண்டுகொண்டது இன்னொன்றாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளிடம் "தினமும் ஜெபிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம் சார்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அதுவும் நீங்கள் அங்கே ஆசிரியர் என்றால் சொல்லவே வேண்டாம். "நேற்று எழுந்ததிலிருந்து ஸ்கூல் பெல் அடிக்கும் வரை என்னென்ன செய்தாய், ஒவ்வொன்றாகச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஜெபம் அந்தக் கணக்கில் தானாக வந்தால் வரும், வராவிட்டால் வராது. இரண்டுமே உங்களுக்குத் தரவுதான். சொந்தப் பள்ளியைத் தவிர்க்கவே முடியாது என்றால், உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் வேறு ஒருவரைக் கேட்கவையுங்கள்.

பெரியவர்களிடம் போகும்போது அவசரப்படாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவிடம் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் "அதெல்லாம் பாஸ்டர் ஐயா பார்த்துக்கொள்வார் தம்பி, நாங்கள் பாடம் மட்டும்தான்" என்று முடித்துவிட்டார். மூன்றாவது தடவை ரெக்கார்டரை அணைத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தோம், வர்க்கி வைத்தார்கள், டீ வந்தது. எழுந்து உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு, அட்டை போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கீழே நான்கைந்து பெயர்கள், பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு. என்னவென்று கேட்டேன். "அன்றைக்குச் சாப்பாடு கொண்டு வராத பிள்ளைகள். மறுநாள் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும் அல்லவா, மறந்துவிடக் கூடாதே என்று எழுதிவைத்தேன்." நோட்டின் கடைசித் தேதி 1982 ஜூன் மாதத்தில் இருந்தது. ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டம் வந்தது, அதோடு நோட்டுக்கும் வேலை முடிந்துவிட்டது.

ரெண்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த நோட்டில் இருந்தது. ஆய்வாளராகவும் அதில் ஒன்று கற்றுக்கொண்டேன்: அவருடைய ஞாபகத்தை அந்தத் தேதி தாங்கிப் பிடித்தது. ஒருவர் நாற்பது வருஷம் கழித்துச் சொல்கிறதை அப்படியே உண்மை என்று எழுத முடியாது, சந்தேகப்பட்டு ஒதுக்கவும் கூடாது, வெளியில் ஏதாவது ஒன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். (ரெக்கார்டரை அணைத்த பிறகு சொன்னதைப் பயன்படுத்தலாமா என்று மறுநாள் போய்க் கேட்டு, கையெழுத்து வாங்கினேன். அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.)

மழைக்காலத்தில் லைன் வீடுகளில் பதிவு செய்யப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் போன் ரெக்கார்டரில் ஒரு வார்த்தை தேறாது. பேசுகிறவர் பக்கத்தில், மடித்த சால்வைமேல் போனை வையுங்கள், கூடவே கையாலும் குறித்துக்கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மண்சரிவுக்கு நாள் விட்டுத் திட்டம் போடுங்கள். ஏப்ரல், மே சீசனில் பள்ளியும் பூட்டியிருக்கும், ரோடும் நகராது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும்.

பெயரை மறைப்பது பற்றி: மலை ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "1978 முதல் 1990 வரை இன்ன ஊரில் தலைமையாசிரியையாக இருந்த படகர் கிறிஸ்தவப் பெண்மணி" என்று எழுதினால் மார்க்கெட்டில் காய் விற்கிறவருக்கும் யாரென்று தெரியும். வருஷத்தைப் பத்தாண்டாக விரித்து எழுதுங்கள், ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் (தாலுகா) பெயரைப் போடுங்கள், தேவையில்லாத அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன கதையிலும் அப்படித்தான் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பதிவேடும் காப்பகமும்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. மூடுபனியில் பக்கங்கள் ஒட்டியிருக்கும், பழைய மை பக்கத்தின் பின்புறமும் ஊறியிருக்கும். பிரிக்க முயன்று கிழித்துவிடாதீர்கள், வெயில் வருகிற ஜன்னல் பக்கம் (வெயில் படாத மாதிரி) விரித்துவைத்துக் காயவிட்டுத் திருப்புங்கள், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். மதம், சாதி, தகப்பனார் தொழில் எல்லாரும் பார்க்கிற கட்டங்கள். நீங்கள் கடைசிக் கட்டத்தையும் பாருங்கள்: விலகிய தேதி, விலகிய காரணம். நான் பார்த்த ஒன்றில் ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளுக்கு நேரே "வீட்டு வேலை" என்று ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தது. விசுவாசத்தில் வளர்த்தோம் என்று ஆண்டறிக்கை சொல்கிற அதே வருஷங்கள் அவை.

சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள் உண்டு. பள்ளியில் படித்தவர்கள் பிறகு சபையில் நிலைத்தார்களா, வேறு சபைக்குப் போனார்களா என்பதை அங்கே ஓரளவுக்குத் தேடலாம்.

பேசல் மிஷன் ஆவணங்கள் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில், இப்போது மிஷன் 21 என்கிற அமைப்பிடம் இருக்கின்றன. பட்டியலையும் பழைய போட்டோக்களையும் இணையத்திலேயே தேடலாம், கேத்தி என்று போட்டுப் பாருங்கள். அறிக்கைகள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும், ஜெர்மன் தெரிந்தவருக்கே தனியாகப் பழக வேண்டும், அதனால் உங்கள் ஆய்வுக்கு அது அவசியமா என்று முதலில் யோசியுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற வேண்டி வந்தது, அந்த இடத்தில் ஆவணத் தொடர்ச்சியும் அறும். மங்களூரு கர்நாடக இறையியல் கல்லூரியிலும் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் மிஷன் ஆவணங்கள் உண்டு, நமக்குப் பக்கம். அமெரிக்க மதுரை மிஷனுடையவை ஹார்வர்டில். ஏசு சபையாரின் மதுரை மாநில ஆவணங்களைப் பழைய ஆய்வுகளெல்லாம் (கொடைக்கானல் பக்கத்துச்) செண்பகனூர் காப்பகம் என்றே குறிக்கின்றன, கிளம்புவதற்கு முன்னால் கடிதம் போட்டு எங்கே, எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். உதவித்தொகை, அங்கீகாரம் பற்றிய அரசுக் கோப்புகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1854இல் இந்தியக் கல்வி பற்றிய வுட் அறிக்கை வந்த பிறகுதான் மிஷன் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்கிற ஏற்பாடே வளர்ந்தது, அதனால் அதற்குப் பிந்தைய காலத்துக்குக் கோப்புகள் நிறையக் கிடைக்கும்.

எழுதுவது

முதல் அத்தியாயத்திலேயே நீங்கள் யார் என்று இரண்டு பத்தியில் சொல்லிவிடுங்கள். எந்தச் சபை, எந்தப் பள்ளியில் படித்தீர்கள், இந்த விஷயம் ஏன் உங்களைத் தொட்டது. விசுவாசி எழுதுகிறார் என்று தெரிவதால் ஆய்வின் மதிப்பு குறையாது, மறைத்துவைத்துப் பிறகு வரிக்கு வரி கசிந்தால்தான் குறையும்.

வரைவு எழுதும்போது இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். கண்டது, கேட்டது, படித்தது கறுப்பு. நீங்கள் நம்புவது, ஆசைப்படுவது பச்சை. "பள்ளியின் ஆவிக்குரிய சூழல் மாணவர்களை ஆழமாக மாற்றியது" என்ற வரி எந்த நிறம்? எத்தனை பேர் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று அடுத்த வரியில் இல்லை என்றால் அது பச்சை. எனக்கு முதல் வரைவில் சில பக்கங்கள் முழுக்கப் பச்சையாகவே இருந்தன. அழித்துவிடத் தேவையில்லை. இறையியல் துறை என்றால் கடைசி அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கள், கல்வியியல் துறை என்றால் தனி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால், நேர்காணல்களின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் கொடுங்கள். "பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டார் கர்த்தர்" என்று ஒரு தாய் சொன்னதை மொழிபெயர்த்தால் பாதிதான் போய்ச் சேரும். படகர் மொழியில் பேசியவர்களுக்கும் அப்படியே, தமிழ் எழுத்தில் அவர்கள் சொன்ன மாதிரியே. மேற்கோள்களை ஆரம்பத்திலிருந்தே ஜோட்டெரோ மாதிரி ஒரு மென்பொருளில் போட்டுவையுங்கள், இலவசம்தான். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஒப்புமைச் சோதனையில் பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை என்கிறது யுஜிசியின் 2018 விதி. சொந்த நடையில் எழுதுகிறவர்கள் அதைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை.

வைவா முடிந்து பட்டம் வந்ததும் எல்லாரும் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், வைக்கட்டும். அதற்கு முன்னால் பத்துப் பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதிப் பிரதி எடுங்கள். பள்ளிக்கு ஒன்று, அனுமதி கொடுத்த சேகரத்துக்கு ஒன்று, உங்களிடம் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒன்று. கண் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக்காட்டுங்கள். நான் போனபோது டீச்சரம்மா முழுவதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: நோட்டில் பெயருக்கு நேரே இருந்த கோடு சாப்பிட்டார்கள் என்பதற்கு என்று நான் எழுதியிருந்தேன். அது சாப்பிட மாட்டேன் என்று வெட்கப்பட்ட பிள்ளைகளுக்காம். அடுத்த பிரதியில் மாற்றினேன்.